முப்பத்தெட்டு வீடுகள்

"அந்தக் காலத்தில் யோகாவை வைத்து வைத்தியம் என்றால் யாரும்மா நம்பினாங்க?" என்று உங்களில் ஒரு பெண் போன வாரம் என்னிடம் கேட்டாள். நம்பினார்கள் அம்மா. நான் சொன்னதை நம்பினார்கள், நான் சொல்லாததையும் சேர்த்து நம்பினார்கள். இந்தத் தொழிலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். எந்த நோய்க்கு எந்த ஆசனம், எத்தனை மூச்சு என்பதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. என் பாடத்தில் இல்லாமல்போன ஒன்றை, அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் தாம்பரத்துப் பெண். அறுபதுகளின் நடுவில் உடற்பயிற்சி ஆசிரியைப் படிப்பை முடித்துவிட்டு, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கேம்ஸ் டீச்சராகச் சேர்ந்தேன். இரண்டாம் வருஷமே த்ரோபால் ஆடும்போது வழுக்கி விழுந்து இடுப்பில் பலத்த அடி. ஆறு மாதம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. நகரத்தில் இருந்த ஒரு யோகாசன ஆசிரியரிடம் அண்ணன் அழைத்துக்கொண்டு போனான். அவர் என்னை எழுப்பி நடக்கவைத்தார். நான் எழுந்ததும், ஊரையே எழுப்பிவிடலாம் என்று எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. மூன்று வருஷம் எலெக்ட்ரிக் டிரெயினில் போய் வந்து அவரிடமே கற்றுக்கொண்டேன்.

பல்லாவரத்தில், பம்மல் ரோடு பிரியும் முனையில் ஒரு டாக்டரம்மா இருந்தார். தன் பெயரைப் பற்றி யாரும் பேசுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் நானும் சொல்லவில்லை. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, சட்டென்று வரும் கோபம். என் அம்மாவுக்கு அவர்தான் டாக்டர். நான் பள்ளி ஆண்டு விழாவில் ஆசனங்கள் செய்து காட்டியதைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ வேடிக்கை காட்டுறியா, வைத்தியம் பண்றியா?"

"வைத்தியம்தான் பண்ணணும்னு ஆசை மேடம்."

"அப்ப என் வீட்டுக்குப் பின்னால இருக்கிற ரூமை எடுத்துக்கோ. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு. நான் அனுப்பறவங்களை மட்டும் பாரு. எனக்குத் தெரியாம ஒருத்தரையும் சேர்க்காதே."

இப்படித்தான் ஆரம்பமானது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை, பன்னிரண்டு கோரைப்பாய், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு ரெஜிஸ்டர். மீட்டர் கேஜ் ரயிலில் பீச் ஸ்டேஷனிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் டிபன் கேரியரோடு நேராக வந்துவிடுவார்கள். ரயில்வே குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியைகள், சர்ச்சிலிருந்து வரும் அம்மாக்கள், பொழிச்சலூரிலிருந்து வயல் வழியாக நடந்து வருகிற பெண்கள். மாலையில் காற்று திரும்பிவிட்டால் குரோம்பேட்டைப் பக்கமிருந்து தோல் பதனிடுகிற நாற்றம் வந்து அறையை நிறைக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் "ஆழமா மூச்சை இழுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு நிமிஷம் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் சிரிக்க, பன்னிரண்டு பாயும் சேர்ந்து குலுங்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி தொடங்குவோம். இப்போது அந்த வழியாகப் போனால் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

அந்த அறைக்கு வந்தவர்களில் ஒருவர் கிரேஸ் டீச்சர். கீழ்க்கட்டளையில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் தபால் ஆபீஸில் வேலை. பிள்ளைகள் இல்லை. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. டாக்டரம்மா தினமும் காலையில் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார், இழுப்பு அதிகமானால் ஊசி.

வந்த முதல் நாள் அவர் கேட்ட கேள்வி இது: "சுசீலாம்மா, இதுல ஏதாவது மந்திரம் சொல்லணுமா? எங்க ஐயர் கேட்டா நான் பதில் சொல்லணும்."

ஐயர் என்று அவர் சொன்னது அவர்களுடைய சபைப் போதகரை. "ஒண்ணும் சொல்ல வேண்டாம் டீச்சர். மூச்சை வெளியே விடும்போது எண்ணணும், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் எண்ணவில்லை. ஒரு ஜெபத்தை மனதுக்குள் சொல்லி, அந்த வரி முடியும்வரை மூச்சை விடுவார். முதல் வாரம் பாதி வரிதான் வந்தது. நான்காவது மாதம் இரண்டு வரி வந்தது. இரவில் தலையணை மூன்று வைத்துப் படுத்தவர் ஒன்றுக்கு வந்தார். எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை, வகுப்புக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்று அறிவித்தார்: "ஸ்டேஷன் பாலத்துல நிக்காம ஏறி இறங்கிட்டேன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அப்புறம் என்ன டீச்சர்? இனிமே உங்களுக்கு மாத்திரை எதுக்கு?"

ஒரு சந்தோஷத்தில் வந்த பேச்சு. சொன்ன அடுத்த நிமிஷமே மறந்துவிட்டேன்.

பாலம் ஏறிய கதை பல்லாவரம் முழுக்கப் பரவியது. ரெஜிஸ்டரில் பெயர்கள் கூடின. டாக்டரம்மா அனுப்பாதவர்களும் வந்தார்கள். அவர்களை மறுநாள் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுச் சேர்த்துக்கொண்டேன் என்றாலும், வாசலில் நிற்கும் செருப்புகளைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

ஐப்பசி மழை தொடங்கியதும் கிரேஸ் டீச்சர் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி ரோடெல்லாம் தண்ணீர் என்று சொன்னார்கள். மழைக்குத்தான் வரவில்லை என்று நானும் விட்டுவிட்டேன். ஆஸ்துமாக்காரர் ஒருவர் மழைக்காலத்தில் இரண்டு வாரம் கண்ணில் படவில்லையென்றால், போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் பள்ளியின் ஹெட்மாஸ்டர் எனக்கு ஆள் அனுப்பினார். பெற்றோர் கூட்டம் நடக்கிறது, ஊர்ப் பெரியவர்கள் வருகிறார்கள், யோகாவைப் பற்றி நான் பேச வேண்டும், கிரேஸ் டீச்சர் தன் அனுபவத்தைச் சொல்வார் என்று செய்தி. நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன்.

காலை பத்து மணி. கூரைக் கொட்டகையில் நூறு பேர் இருப்பார்கள். வெளியே தூறல். உள்ளே ஈரத்துணியும் சாக்பீஸ் தூளும் கலந்த வாசனை. கிரேஸ் டீச்சர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "உடம்புக்கு எப்படி டீச்சர்?" என்றேன். "பரவாயில்ல" என்று சிரித்தார். அந்தப் பரவாயில்லைக்குப் பின்னால் தோள்கள் ஏறி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் மேடைக்குப் போனேன்.

நான் பேசி முடித்ததும் அவரைக் கூப்பிட்டார்கள். "எட்டு மாசத்துக்கு முந்தி..." என்று ஆரம்பித்தவருக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை இழுப்பு, கடைசி வரிசைவரைக்கும் கேட்கிற மாதிரி. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் எழுந்தது.

ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "யாரும் பயப்பட வேண்டாம், உட்காருங்க. நம்ம சுசீலாம்மா இங்கேயே இருக்காங்க" என்றார்.

நூறு பேரும் உட்கார்ந்தார்கள். நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கிரேஸ் டீச்சர் முன்னால் போய் நின்று, "கண்ணை மூடுங்க டீச்சர். மெதுவா, ஆழமா இழுங்க. நல்லா இழுங்க" என்றேன். அவர் கீழ்ப்படிந்தார். என்னை நம்பி, வராத மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியவில்லை, பத்து நிமிஷம் இருக்கலாம். அந்தப் பத்து நிமிஷத்தில் என் கண் அவர் மேல் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி, கூட்டம் என்னை எப்படிப் பார்க்கிறது என்பதில் இருந்தது. ஐம்பது வருஷமாகியும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு விசில் மாதிரி வந்துகொண்டிருந்த சத்தம் குறைந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர், "அடங்கிடுச்சு, அடங்கிடுச்சு" என்றார். எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் பட்டது. ஆனால் டாக்டரம்மா எப்போதோ சொன்னது காதில் வந்து மோதியது: "இழுப்புச் சத்தம் நின்னா உடனே சந்தோஷப்படாதே. காத்து சுத்தமா போகலைன்னாலும் சத்தம் வராது."

அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நகமும். "சு... சீ..." என்று என் பெயரைச் சொல்ல முயன்றார், இரண்டு எழுத்துக்கு மேல் வரவில்லை.

"மாத்திரை போட்டுக்கிட்டிருக்கீங்களா டீச்சர்? பையில இருக்கா?"

தலையை ஆட்டினார், இல்லையென்று.

"எப்ப நிறுத்தினீங்க? யாரு நிறுத்தச் சொன்னது?"

அவர் கையைத் தூக்கி, விரலை நீட்டி, என்னைக் காட்டினார்.

கோபமாகக் காட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். அதை நினைத்துக்கொண்டிருக்க அப்போது நேரம் இல்லை. திரும்பி, ஹெட்மாஸ்டரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "சார், இது என்னால முடியாது. உடனே டாக்டர்கிட்ட போகணும். ஒரு வண்டி வேணும்."

அவர் என் பக்கம் குனிந்து, "இத்தனை பேர் முன்னாடி... இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பார்க்கலாமே?" என்றார்.

"முயற்சி பண்ணினதே தப்பு சார். வண்டி."

உங்களுக்கு இந்த இடம் வரும். இன்றைக்கோ பத்து வருஷம் கழித்தோ, யாராவது ஒருவர் உங்கள் முன்னால் மூச்சுத் திணறிக்கொண்டோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டோ நிற்பார், சுற்றியிருப்பவர்கள் உங்களையே பார்ப்பார்கள். "என்னால் முடியாது" என்ற இரண்டு வார்த்தையை அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இப்போதே வாய்க்குப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை டீக்கடையில் ஒரு கல் லாரி மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தது. திரிசூலம் மலையிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு போகிற லாரி. நாங்கள் கிரேஸ் டீச்சரைத் தாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் டிரைவர் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னாக்கா ஆச்சு?"

"மூச்சு விட முடியலைப்பா. பல்லாவரம் போகணும்."

"பின்னால கல்லு கீது. முன்னாடியே குந்தட்டும். ஏத்து, ஏத்து."

லாரி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. நான் அவரை "இழுங்க" என்று சொல்வதை நிறுத்தினேன். இரண்டு கையையும் முன்னால் இருந்த பலகையில் ஊன்றவைத்து, முன்பக்கம் சாயவைத்து, முதுகில் கையை வைத்துக்கொண்டேன். "டீச்சர், இழுக்க வேண்டாம். அது தானா வரும். உதட்டைக் குவிச்சு ஊதுங்க. மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி, கொஞ்சமா ஊதுங்க. போதும். மறுபடி." ஒவ்வொரு ஊதலுக்கும் நானும் கூட ஊதினேன். அது நோயைத் தீர்க்கவில்லை. பயத்தை ஒரு கையகலத்துக்குத் தள்ளி வைத்தது. அந்த நிலையில் நம் வித்தைக்கு அவ்வளவுதான் எல்லை என்று தெரிந்து செய்தேன்.

பல்லாவரம் ரயில்வே கேட் வந்தது. மூடியிருந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டி கேட்காரரிடம் ஏதோ கத்தினார். திரும்பி, "பேஜாரா பூட்சுக்கா. ரெண்டு வண்டி போவணுமாம். அதுக்கு முன்ன தொறக்க மாட்டாராம்" என்றார்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு. அதைத் தாண்டினால் டாக்டரம்மா வீடு. கூப்பிடு தூரம். ஆனால் கிரேஸ் டீச்சரை இறக்கி நடத்த முடியாது. நான் ஓடினால் அவரை யார் பிடித்துக்கொள்வது? பிடித்துக்கொண்டே இருந்தால் மருந்து எப்படி வரும்?

"யாருக்கா டாக்டரு?"

"பம்மல் ரோடு முனையில... வெள்ளைச் சேலை..."

"கறுப்புக் கொடை வச்சிகினு போவுமே, அந்த டாக்டரம்மாவா? எனக்குத் தெரியும்கா. நீ அந்தம்மாவ வுடாத. நான் இட்டாறேன்."

"இழுப்புக்கு ஊசின்னு சொல்லு. கிரேஸ் டீச்சர்னு சொல்லு."

கதவைத் திறந்து குதித்தார். கேட்டின் கீழே குனிந்து, மழையில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடினார். முதல் வண்டி தாம்பரம் பக்கமிருந்து வந்து போயிற்று. கேட் திறக்கவில்லை. நான் ஊதிக்கொண்டிருந்தேன். கிரேஸ் டீச்சரின் தலை என் தோளில் சாயத் தொடங்கியது. "டீச்சர், தூங்கக் கூடாது, ஊதுங்க" என்று கெஞ்சினேன்.

பிறகு பார்த்தேன். தண்டவாளத்தின் மேல் டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார். கையில் பை. காலில் செருப்பு இல்லை. அறுபது வயதுப் பெண்மணி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கிட்டத்தட்ட ஓட்டமாக. பக்கத்தில் டிரைவர், அந்தக் கறுப்புக் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் முழுசாக நனைந்துகொண்டு. கேட் கட்டைக்கு அடியில் குனிந்து வந்தார்கள்.

டாக்டரம்மா லாரிப் படியில் ஏறி, ஒரு பார்வை பார்த்தார். மருந்துக் குப்பியை உடைத்து, ஊசியில் ஏற்றி, "கையை அசையாம பிடி" என்றார். ஊசி போடும்போது இரண்டாவது வண்டி, ஒரு கூட்ஸ், எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. அவர் கிரேஸ் டீச்சரின் முதுகில் காதை வைத்துக் காத்திருந்தார். எனக்கு ரயில் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வண்டியின் கடைசிப் பெட்டி போனது. அமைதியில், மெல்ல, அந்த விசில் சத்தம் திரும்ப வந்தது.

"வந்துடுச்சு. காத்து போகுது" என்றார் டாக்டரம்மா.

நான் அழுதுவிட்டேன். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அழுவாதக்கா. அதான் பொயச்சிகிச்சில்ல" என்றார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. கேட் திறந்ததும் எங்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, ஜல்லியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிற்பாடு எத்தனையோ கல் லாரிகளை நிறுத்தி விசாரித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், பாலம், கைதட்டல், நான் சொன்ன அந்த வாக்கியம். "இனிமே இந்த ரூமுக்கு வரலை மேடம்" என்றும் சொன்னேன்.

"ரெஜிஸ்டர்ல எத்தனை பேர்?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு வீட்டுக்கும் போயிட்டு வா. அப்புறம் வர்றதா வேணாமான்னு பேசலாம்."

"போய் என்ன மேடம் சொல்றது?"

"நீ சொன்னது போதும். அவங்க காதுல என்ன விழுந்துதுன்னு கேட்டுட்டு வா."

வகுப்பை மூடிவிட்டு, மூன்று வாரம் காலையும் மாலையும் நடந்தேன். மழை விட்ட மண், தேங்கின தண்ணீர், தலைக்கு மேல் மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: "நான் உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்?"

பொழிச்சலூரில் ஒரு ரயில்வே குமாஸ்தா, சர்க்கரை நோயாளி. அவரை நான் கெட்டிக்காரர் என்று நினைத்திருந்தேன். "ஆசனம் பண்ற நாள்ல மாத்திரை கிடையாது. பண்ணாத நாள்ல மாத்திரை. நீங்க சொன்ன கணக்குதானே சிஸ்டர்?" என்றார். நான் அப்படி ஒரு கணக்கைச் சொல்லவே இல்லை. "கொஞ்சம் கொஞ்சமா உடம்பு மருந்தைக் கம்மியா கேட்கும்" என்று ஒரு முறை சொல்லியிருந்தேன். அதிலிருந்து அவராகவே போட்ட கணக்கு அது.

குரோம்பேட்டையில், கல்யாணமாகி ஒரு வருஷமான பெண். முதுகுவலிக்கு வந்தவள். மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். தினமும் கால்களை மேலே தூக்கித் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். "ஏன்மா என்கிட்ட சொல்லலை?" என்றால், "நீங்க கேக்கலையேக்கா. ஒரு நாளும் விடாதேன்னு சொன்னீங்க, அதான் விடாம பண்றேன்" என்றாள்.

மேற்குத் தாம்பரத்தில் ஓர் அம்மா. ஆறு பேர் உள்ள வீட்டில் ஒரே மருமகள். தூக்கமில்லை என்று வந்தவர். அவர் வீட்டில் ஓர் ஆசனமும் செய்யவில்லை. மத்தியானம் அரை மணி நேரம் சவாசனம் என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு பாயில் படுத்துவிடுகிறார். என்னைத் துணி துவைக்கும் கல் பக்கம் அழைத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார்: "பகல்ல படுத்தா எங்க வீட்ல கேள்வி வரும். டாக்டர் வீட்டு வைத்தியம்னு சொன்னதால யாரும் கூப்பிடறதில்ல. மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க." நான் உள்ளே போய் அந்த மாமியாரிடம் மிகவும் பொறுப்பாக, "அரை மணி போதாதும்மா, உங்க மருமகளுக்கு ஒரு மணி நேரம் வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வைத்தியம் அதுதான்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். சிவப்புப் பென்சிலால் ஆறு பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, அன்றைக்கே வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நோட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நானும் முப்பது வருஷமா சீட்டு எழுதிக் கொடுக்கிறேன் சுசீலா. காதுல என்ன விழுந்ததுன்னு ஒரு வீட்டுக்கும் போய்க் கேட்டதில்ல" என்றார். அவர் அப்படித் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உடனே பழைய குரல் வந்துவிட்டது. "முப்பத்தேழுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கே?"

இன்னொன்று கிரேஸ் டீச்சர் வீடு. வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருந்தேன்.

கீழ்க்கட்டளைக்குப் போனபோது அவர் வாசலில் பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"டீச்சர், நான் விளையாட்டா சொன்ன ஒரு வார்த்தை உங்க உயிருக்கே ஆபத்தா வந்துடுச்சு. என்னை மன்னிச்சுடுங்க."

அவர் கையிலிருந்த சிலேட்டைத் துடைத்து முடித்தார். பிறகு, "அன்னிக்கு நீங்க அதைச் சொன்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? யாராவது சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

"ஏன் டீச்சர்?"

"அந்த மாத்திரை போட்டா கை நடுங்கும். காலையில போட்டுட்டு ஸ்கூலுக்குப் போவேன். போர்டுல எழுத்து கோணக்கோணையா போகும். பிள்ளைங்க சிரிக்கும். மூணாங்கிளாஸ் பாருங்க, அதுங்க என் எழுத்தைப் பார்த்துத்தான் எழுதக் கத்துக்கணும். நான் போன வருஷத்துப் பிள்ளைங்க நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் என்னை மாதிரியே கோணலா எழுதியிருந்துச்சு." அடுத்த சிலேட்டை எடுத்தார். "நீங்க வேணாம்னு சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேன். மறு வாரமே கை நடுக்கம் நின்னுடுச்சு. மழை வந்ததும் மூச்சு முட்டிச்சு. ஆனா எழுத்து நேரா வந்துச்சு."

எட்டு மாதம் அவர் மூச்சை அளந்தேன். எத்தனை தலையணை, எத்தனை படி, எல்லாம் என் ரெஜிஸ்டரில் இருந்தது. அந்த மாத்திரையைப் பற்றி ஒரு கேள்வி நான் கேட்டதில்லை. டாக்டரம்மாவும் கேட்டதில்லை. அவரும், கேட்காதவர்களிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அவரைப் பல்லாவரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா முழுவதும் கேட்டார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாத்திரையைப் பாதியாக்கி, காலையிலிருந்து எடுத்து, பள்ளி விட்டு வந்தபின் நாலரை மணிக்கு மாற்றினார். படுக்கும்போது ஒரு பாதி. "கை நடுங்கினா வந்து சொல்லு. இழுப்பு வந்தாலும் வந்து சொல்லு. இவ வந்து கேட்பான்னு காத்திருக்காதே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ கேக்காமயும் இருக்காதே" என்றார்.

மறு வாரம் அறையைத் திறந்தேன். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் வந்தார்கள். அன்றிலிருந்து, பாயைச் சுருட்டும் முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் காதில் என்ன விழுந்தது என்று எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பல சமயம் நான் திகைத்துப் போயிருக்கிறேன். இன்றைக்கு நீங்கள் எழுந்து போகும்போதும் நான் கேட்கத்தான் போகிறேன்.

கிரேஸ் டீச்சர் ஓய்வு பெறும்வரை பாடம் எடுத்தார். அதற்குப் பிறகும் மழைக்காலத்தில் நான்கைந்து முறை இழுப்பு வந்திருக்கிறது, ஊசியும் போட்டிருக்கிறார், ஆனால் மாத்திரையை விட்டதில்லை, மூச்சுப் பயிற்சியையும் விட்டதில்லை. நாலரை மணி மாத்திரைக்கு மாறிய புதிதில் ஒரு நாள் அவர் பள்ளிக்குப் போனேன். கூட்டம் எதுவும் இல்லை, சாதாரண வேலை நாள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். மரம், மலை, மழை, மாலை. கோடு போட்ட மாதிரி நேர் எழுத்து. ஒவ்வொன்றையும் எழுதி முடித்து, மூச்சை விட்டு, அடுத்ததைத் தொடங்கினார். பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.